நாகை ரயில் கொண்டு வந்ததும், கொண்டு போனதும்

சந்திப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் போனில் கேட்டபோது, "என்னத்தை எழுதறது?" என்றேன். "நீங்க ஹிஸ்டரி ஆளாச்சே. நம்ம ஊர் ரயிலைப் பத்தி எழுதுங்களேன், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அவருக்குத் தெரியாது, இதே கட்டுரையை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதி மார்க் வாங்கத் தவறியவன் என்று.

அது 1973-ஆம் ஆண்டு. பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். உள்ளூர் வரலாறு பற்றி ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் எங்கள் பேராசிரியர். ஒருவர் டச்சுக் கோட்டையை எடுத்துக் கொண்டார், ஒருவர் சூடாமணி விகாரத்தை எடுத்துக் கொண்டார். நான் ரயிலை எடுத்துக் கொண்டேன். நூலகத்தில் உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். ஆண்டுகள், மைல் கணக்கு, கம்பெனிப் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கட்டுரை திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "தண்டவாளம் இருக்கிறது. மனிதர்களைக் காணோமே?"

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. அந்தப் பேராசிரியர் இன்று இல்லை. அவருக்குத் தர வேண்டிய பதிலை இந்த மலரில் எழுதுகிறேன். தாமதமாக வரும் ரயிலை மன்னிப்பது போல என்னையும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

முதல் ஸ்டேஷன்

முதலில் தண்டவாளக் கதை. அது தெரியாமல் மனிதர்கள் கதை புரியாது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அடுத்த ஐந்தாவது ஆண்டில், 1861-இல், நம் நாகப்பட்டினத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. இதை அமைத்தது வேறு கம்பெனி. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்று பெயர். நாகையிலிருந்து சிக்கல், கீவளூர், திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை சுமார் 80 மைல் பாதை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் போகாத காலத்தில் நாகைக்கு ரயில் இருந்தது. அதுவும் நடுவில் ஒரு ஸ்டேஷனாக அல்ல. ஒரு ரயில் கம்பெனியின் பாதை தொடங்கிய முதல் ஸ்டேஷனாக, அதன் தலைமையிடமாக இருந்தது.

ஏன் நாகை? காரணம் எளிது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்து, 1781-இல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த துறைமுகம் இது. பின்னால் தஞ்சை நெற்களஞ்சியம். முன்னால் கடல். இங்கிலாந்திலிருந்து வரும் இரும்பையும் இன்ஜினையும் இறக்க ஒரு துறை வேண்டும். உள்நாட்டு நெல்லையும் துணியையும் ஏற்றி அனுப்பவும் ஒரு துறை வேண்டும். இரண்டுக்கும் நாகை பொருத்தமாக இருந்தது. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் லண்டன்காரருக்கு வட்டி உண்டு. குறைந்தால் அதை நிரப்பியது இந்தியாவின் வரிப்பணம்.

அப்போது போட்டது அகலப்பாதை. 5 அடி 6 அங்குலம். இன்றைய மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நானும் என் தோழர்களும் பார்த்து வளர்ந்தது மீட்டர் கேஜ் வண்டி. "நாகைக்குப் பிராட் கேஜ் எப்பத்தான் வரும்?" என்று எத்தனை மனுக்கள் போட்டிருப்போம்! வந்துவிட்டுப் போனது அது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கடைசி ஸ்டேஷன் ஆன கதை

1874-இல் இந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயுடன் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. அடுத்த ஆண்டையொட்டி நாகைப் பாதை மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. செலவு குறைவு என்பதால் தெற்கே புதிதாகப் போடும் பாதைகளையெல்லாம் மீட்டர் கேஜில் போட்டார்கள். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் போனது. சென்னையிலிருந்து சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு வந்து திருச்சியைத் தொடும் பாதை 1880-ஐ ஒட்டி முழுமையடைந்தது.

இங்கேதான் நம் ஊரின் தலையெழுத்து மாறியது. படத்தில் பார்த்தால் தெரியும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஒரு நீண்ட பாதை. அதன் நடுவில் திருச்சி. நாகையோ தஞ்சையிலிருந்து கிழக்கே பிரிந்து கடலில் முட்டிக் கொள்ளும் ஒரு கிளை. தண்டவாளம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஸ்டேஷனும் அங்கேயேதான் இருந்தது. ஆனால் முதல் ஸ்டேஷனாக இருந்தது கடைசி ஸ்டேஷன் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. எல்லாமே அதே 80 மைல் பாதையில், அதே திருச்சிக்கு! ரயில்வே தலைமையிடம் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே திருச்சிக்குப் போனது. கல்லூரிகூடப் போனது. திருச்சியின் புகழ்பெற்ற தூய வளனார் கல்லூரி 1844-இல் சேசு சபையினரால் தொடங்கப்பட்டது நம் நாகையில்தான். 1883-இல் அது திருச்சிக்கு மாறியது. நம் கல்லூரி மாணவர்கள் திருச்சியில் போட்டிகளுக்குப் போகும்போது இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். வருத்தப்படவும் செய்யலாம்.

ஆனாலும் பட்டறை மட்டும் இங்கேயே இருந்தது.

சங்கு ஊதிய ஊர்

இனி மனிதர்கள் கதை.

என் தாத்தா அந்தப் பட்டறையில் ஃபிட்டர். அவருடைய தம்பியும், அதாவது என் சின்னத் தாத்தாவும், அதே பட்டறையில் கொல்லுப் பிரிவு. இரண்டு பேரும் மீசை முளைக்கும் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்கள். குடியிருந்தது வெளிப்பாளையத்தில்.

"காலையில சங்கு ஊதினா ஊரே எழுந்திரிக்கும் தம்பி. கடைக்காரன் கடை திறக்கிறது, பால்காரன் வர்றது, எல்லாம் சங்குக்குத்தான். எங்க வீட்ல கடிகாரம் கிடையாது. யார் வீட்லயும் கிடையாது" என்பார் தாத்தா. தேய்ந்த சக்கரத்துக்குப் பட்டை போடுவது, பாய்லர் குழாய் மாற்றுவது, வண்டிப் பெட்டிக்கு மரவேலை செய்வது, எல்லாம் இங்கேயே நடந்தது. விவசாயக் கூலியும் மீன்பிடிப்பும் மட்டுமே இருந்த ஒரு வட்டாரத்தில், மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளி என்ற புது மனிதனை உண்டாக்கியது அந்தப் பட்டறைதான். இதைத்தான் நான் 1973-இல் எழுதவில்லை.

நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி என்று சிதறிக் கிடந்த பட்டறை வேலைகளை ஒன்றாக்கித் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒரே பெரிய பட்டறையாக அமைக்கக் கம்பெனி முடிவு செய்தது. 1928-இல் அது செயல்படத் தொடங்கியது. நிர்வாகக் கணக்குப்படி பார்த்தால் இதில் தவறு சொல்ல முடியாது. கிளைப்பாதையின் நுனியில் பட்டறையை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இன்ஜினையும் கடற்கரை வரை இழுத்து வருவதை விட, எல்லாப் பாதைகளும் கூடும் இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம். ஆனால் கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது. 3,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் குறைப்பது. யாரை வைத்துக் கொள்வது என்று தீர்மானிக்க, பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கே தொழில் தேர்வு.

1928 ஜூலையில் சவுத் இந்தியன் ரயில்வே முழுவதும் வேலை நிறுத்தம் வெடித்தது. தென்னாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு பெரிய அத்தியாயம். சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலரும், முகுந்தலால் சர்க்காரும் தலைமை தாங்கினார்கள். ஈ.வெ.ரா. பெரியார் ஆதரவு தந்தார். அரசாங்கமும் கம்பெனியும் கடுமையாக அடக்கின. ஜூலை 30-ஆம் தேதி வேலை நிறுத்தம் முடிவுக்கு வந்தது. சிங்காரவேலருக்கும் சர்க்காருக்கும் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, சிங்காரவேலர் 1930-இல் விடுதலையானார். இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாதது எங்கள் அப்பாயி சொன்னது: "அந்த ஆடி மாசம் பாதி வெளிப்பாளையத்துல அடுப்பு எரியல." அவ்வளவுதான் சொல்லும். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடும்.

எண்பது மைலும் ஒரு கடலும்

தாத்தா தேர்வு எழுதித் தேறி, பொன்மலைக்குப் போனார். ரயில்வே காலனியில் வீடு. என் அப்பா பிறந்தது அங்கேதான்.

சின்னத் தாத்தா போகவில்லை. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வுக்கே அவர் போகவில்லை. "ஊரை விட்டு வர மாட்டேண்ணே. கடல் காத்து இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டாராம். கொஞ்ச நாள் படகுக்கு ஆணி அடித்தார், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டினார். பட்டறை போன ஊரில் கொல்லனுக்கு எவ்வளவு வேலை இருக்கும்? ஒன்றரை வருஷம் தாக்குப் பிடித்தார். பிறகு அவரும் போனார். திருச்சிக்கு அல்ல, கப்பலில் பினாங்குக்கு!

இளைஞர்களுக்கு இது விளங்க, நாகைக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகையில் கப்பல் கரைக்கு வந்து அணைய முடியாது. ஆழம் போதாது. கப்பல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்று முகத்திலிருந்து படகில் போய் ஏற வேண்டும். சென்னையிலிருந்து நாகை வந்து, பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும் வழி. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் டிப்போவும் நாகையில் இருந்தது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு மூட்டையோடு நடந்து போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! 1938-இல் அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதைத் தடை செய்யும் வரை அது நடந்தது. ரயிலும் கப்பலும் சந்தித்த இடம் என்று நம் ஊரைப் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே சந்தித்தவற்றில் பெரும்பகுதி கண்ணீர்தான்.

சின்னத் தாத்தா தோட்டத்துக்குப் போகவில்லை. கைத்தொழில் தெரிந்தவர். கோலாலம்பூரை ஒட்டிய செந்தூலில் மலாயா ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. நம் தமிழர்கள் ஏராளமாக வேலை பார்த்த இடம். அங்கே போய்ச் சேர்ந்தார். ஆக, நாகைப் பட்டறையில் ஒரே உலையில் இரும்பு காய்ச்சிய இரண்டு அண்ணன் தம்பிகள், ஒருவர் பொன்மலையில், ஒருவர் செந்தூலில். இரண்டு இடத்திலும் மீட்டர் கேஜ் இன்ஜின்தான். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியதும் கடிதம் நின்று போனது. சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களில் அவரும் ஒருவரோ என்று வீட்டில் அழுதிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து 1946-இல் ஒரு கடிதம் வந்த பிறகுதான் அப்பாயி மறுபடி அவருக்குப் பிடித்த பணியாரம் சுட்டதாம்.

அவர் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தார். 1958-இல், ரஜூலா கப்பலில். தாத்தா அதற்கு முந்தைய ஆண்டுதான் ரிட்டையர் ஆகி நாகைக்கே திரும்பியிருந்தார். எனக்கு நாலைந்து வயது. பிஸ்கட் டின்னும், கைலித் துணியும், ஒரு குடையும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் இரண்டு கிழவர்களும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறை இருந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். அங்கே அவர்கள் பேசியதைத் தாத்தா எனக்குப் பிற்காலத்தில் சொன்னார். பேராசிரியரின் சிவப்பு மை வரியைக் காட்டி, "என்ன தாத்தா எழுதறது?" என்று நான் கேட்ட அன்றைக்குத்தான் சொன்னார்.

"எண்பது மைல் வர மாட்டேன்னு சொன்னவன் கடலைத் தாண்டிப் போயிட்டியேடா" என்று இவர் கேட்டாராம்.

அதற்கு அவர், "நான் ஊரை விட்டுப் போகலேண்ணே. எனக்கு முன்னாடி ஊருதான் கிளம்பிப் போயிட்டுது" என்றாராம்.

சுற்றி வந்த பாதை

பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். 1944-இல் சவுத் இந்தியன் ரயில்வே அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1951-இல் தென்னக ரயில்வே பிறந்தது. ரஜூலா 1973 வரை ஓடியது. நான் கல்லூரியில் படிக்கும்போது அது கடலில் நிற்பதைப் பார்க்கக் கடைசி பீரியடைக் கட் அடித்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன்! அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலி வாங்கியது. அதோடு சிங்கப்பூர்க் கப்பல் நின்றது. ரயிலில் வந்து கப்பல் ஏறும் கூட்டமும் நின்றது.

பல ஆண்டுகள் கழித்து அகலப்பாதை வந்தது. 2010-இல் வேளாங்கண்ணிக்கும் ரயில் விட்டார்கள். 2011-இல் நாகூரிலிருந்து காரைக்கால் வரை பாதை நீண்டது. சிக்கல், நாகூர், வேளாங்கண்ணி என்று மூன்று சமயத்தாரின் தலங்களுக்கும் ரயிலில் போகலாம் என்பது நம் பகுதியின் தனிச் சிறப்பு. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சின்னத் தாத்தாவின் குடைதான் ஞாபகம் வந்தது.

பொன்மலைப் பட்டறையும் சும்மா இல்லை. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களை இந்த நூற்றாண்டில் புதிதாகவே செய்து கொடுத்தார்கள். அந்தக் கைத்திறனில் எங்கோ ஒரு துளி நாகை இருக்கிறது என்று நான் நினைத்துக் கொள்வேன். தாத்தாவே சொல்வார், "பொன்மலையில எனக்குக் கீழ வேலை கத்துக்கிட்ட பசங்க எல்லாம் நாகைக்காரன் மாதிரிதான் அரம் பிடிப்பானுங்க" என்று.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ரயில் நம் ஊரைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ரயில் இல்லாவிட்டால் என் தாத்தா ஃபிட்டர் ஆகியிருக்க மாட்டார். நான் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் பாதை என்பது இரண்டு பக்கமும் ஓடும். கொண்டு வருகிற பாதைதான் கொண்டும் போகும். எது போனது, யார் போனார்கள் என்று எழுதி வைக்காத ஊர், தான் ஒரு காலத்தில் என்னவாக இருந்தோம் என்பதையே மறந்துவிடும். இன்றைக்கு நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் பட்டம் வாங்கியதும் அதே பிளாட்பாரத்தில் பெட்டியோடு நிற்கிறார்கள். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர். அவர்களையும் எழுத வேண்டிய நாள் வரும்.

எங்கள் வீட்டில் ஒரு காலிப்பர் இருக்கிறது. தேய்ந்த இரும்பு அளவுகோல். சின்னத் தாத்தா தன் கையால் அடித்துச் செய்து, கப்பல் ஏறும் முன் அண்ணனிடம் கொடுத்தது. தாத்தா அதைப் பொன்மலையில் இருபத்தெட்டு வருஷம் பயன்படுத்தினார். அதை இந்த ஆண்டு சந்திப்பு விழாவின்போது நம் கல்லூரி வரலாற்றுத் துறையிடம் கொடுக்கப் போகிறேன். ஒரு கண்ணாடி அலமாரியில் அது மட்டும் தனியாக இருந்தால் நன்றாக இராது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். ஒரு பித்தளைப் பில்லை, பழைய பாஸ், காலனி வாசலில் எடுத்த போட்டோ, கப்பல் டிக்கெட், பினாங்கிலிருந்து வந்த கடிதம். எடைக்குப் போடும் முன் எடுத்து வாருங்கள். பொருள் இல்லாவிட்டால் பரவாயில்லை. பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

தண்டவாளத்தைப் பற்றி நான் எழுதிவிட்டேன். மனிதர்களைப் பற்றி என் வீட்டில் இருந்த இரண்டு பேரைத்தான் எழுத முடிந்தது. மீதிப் பேரை நீங்கள்தான் எழுத வேண்டும். அப்போதுதான் எங்கள் பேராசிரியர் அந்தச் சிவப்பு மை வரியை அடித்துவிட்டு மார்க் போடுவார்.